கம்பன் கடலும் இரவிவர்மாவின் கடலும்

பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களில் இருந்த பழைய லயத்து வீடுகளின் சுவர்கள் பலருடைய நினைவில் இன்னும் நிற்கின்றன. முன்புறத்துச் சுவரில், விளக்குப் புகை படிந்த உயரத்தில், கண்ணாடிச் சட்டமிட்ட சாமி படங்கள் வரிசையாகத் தொங்கும். தாமரையில் நிற்கும் திருமகள், வீணை மீட்டும் கலைமகள், மயிலேறிய முருகன், முடிசூட்டுக் கோலத்தில் இராமனும் சீதையும். அவற்றின் பக்கத்தில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி. பெரும்பாலும் சிவகாசியில் அச்சாகி வந்த படங்கள். வரைந்தவர்கள் பலர். எனினும் அத்தெய்வங்களின் முகத்துக்கும் உடற்கட்டுக்கும் பட்டுச்சேலையின் மடிப்புக்கும் வழி வகுத்தவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால், அவர் கிளிமானூர் இரவிவர்மாவே ஆவார்.

அச்சுவர்களில் தெய்வங்களுக்குக் குறைவில்லை. கடலுக்குத்தான் இடமில்லை. அவ்வீடுகளில் வாழ்ந்தோரின் தந்தையோ பாட்டனோ நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து இந்தப் பால்மரக் காடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களின் வாழ்வை இரண்டாகப் பிளந்தது அக்கடல். அதனை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க அவர்கள் விரும்பவில்லை என்று கூறிவிடலாம். விரும்பியிருந்தால் மாட்டி வைக்கப் படம் எங்கே இருந்தது? கண்ட கடலை வரைவது ஒன்று. மனத்திற் கிடக்கும் கடலைக் கற்பனையால் தீட்டி, காண்போர் நெஞ்சில் இருளையும் ஏக்கத்தையும் அச்சத்தையும் எழுப்புவது மற்றொன்று. இவ்விரண்டாம் வகை ஓவியம் தைல வண்ணத்தில் மேனாட்டில் பெருவளர்ச்சி பெற்றது. நெய்தல் திணையைப் படைத்த தமிழரிடையே அது ஏன் வேரூன்றவில்லை? இவ்வினாவுக்கு விடை தேடப் பொருத்தமான படம் ஒன்று உண்டு. அதுவும் இரவிவர்மா தீட்டியதே. மைசூர் சகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள அந்தத் தைல வண்ண ஓவியம், இராமன் கடலை அடக்கும் காட்சியாகும். 1906ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

படத்துக்குள் செல்லுமுன் அதனைத் தீட்டியவர் கைக்குத் தூரிகை வந்த கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1848இல் பிறந்த இரவிவர்மா பதினான்கு வயதில், 1862இல், திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். ஆயில்யம் திருநாள் மன்னர் ஆதரித்தார். அரண்மனையில் தைல வண்ணம் அறிந்தவராய் இருந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர். அவர் இளைஞனுக்குக் கற்பிக்க மறுத்துவிட்டார். அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவரே ஆசிரியர் அறியாமல் இரவில் வந்து நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் டென்மார்க்கு நாட்டு ஓவியரும் கற்பிக்க இசையவில்லை. தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டும் விட்டார். ஆசிரியத் தொழிலில் இருப்போர் தலைகுனிந்து படிக்க வேண்டிய பகுதி இது. இரவிவர்மாவின் பெயரை அறிந்த இலட்சம் பேரில் ஆறுமுகம் பிள்ளையின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர் இருப்பர்?

தைல வண்ணத்தை இவ்வளவு மறைத்துக் காத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நீர்வண்ணம் நீர் உலர்ந்ததும் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ அவ்வாறு உலர்வதன்று. காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல இறுகுவது. இறுகுவதற்குப் பல நாளாகும். அந்த நாள்களில் ஓவியன் ஒரு நிறத்தை மற்றொன்றில் கரைக்கலாம்; விளிம்பை அழிக்கலாம்; காய்ந்தபின் அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றலாம். ஆழம் என்னும் மயக்கம் அப்பூச்சுகளுக்கிடையே பிறக்கிறது. கடலின் இருளுக்கும், முகிலின் கீழ்த் தேங்கிய ஒளிக்கும், நீரும் வானும் எங்கே கலக்கின்றன என்று தெரியாத தொலைவுக்கும் இதைவிட ஏற்ற ஊடகம் அரிது. இவ்வண்ணம் ஏறும் தடித்த துணிக்குத் தமிழில் கித்தான் என்று பெயர். நம் தோட்டத்து வழக்கில் கித்தா என்பது பால்மரம். இரண்டும் வேறு வேறு சொற்களே. எனினும் கித்தாக் காட்டில் பிறந்தவர்கள் கித்தானைக் காணாமலே வளர்ந்தார்கள் என்பதை எண்ணும்போது அந்த ஒலியொற்றுமை சற்று உறுத்தத்தான் செய்கிறது.

இனி, மைசூர்ப் படம். கடற்பாறையின் மேல் இராமன் வில்லேந்தி நிற்கிறான். வானம் முகிலால் இருண்டிருக்கிறது. அலைகள் பாறையில் மோதி நுரைக்கின்றன. நெடிய அவ்வுருவம் படத்தை ஆள்கிறது. கண் முதலில் செல்வது அம்முகத்துக்கு, மீண்டும் மீண்டும் திரும்புவதும் அம்முகத்துக்கே. சினம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. உடலின் தசையும் ஆடையின் மடிப்பும் ஐரோப்பியக் கலைக்கழகம் ஒன்றில் பயின்றவர் கைவண்ணமோ என்று வியக்குமாறு உள்ளன. அத்தகைய கழகம் எதிலும் பயிலாதவர் இவர் என்பதை நினைக்கும்போது வியப்பு இருமடங்காகும்.

ஆயினும் கடலை மட்டும் பாருங்கள். இராமன் உருவத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது என்ன? புயற்கடல் ஒன்று. நன்றாகத் தீட்டப்பட்ட புயற்கடல். எந்தக் கப்பலும் அதில் தத்தளிக்கலாம், எந்தக் கலங்கரை விளக்கமும் அதன் கரையில் நிற்கலாம். சீதையைப் பிரிந்த ஒருவனுக்கும் அக்கடலுக்கும் இடையே உள்ள வழக்கு என்ன என்பதைக் கடல் சொல்லவில்லை. சினமெல்லாம் மனிதன் முகத்தில் இருக்கிறது. கடல் நாடக மேடையின் பின்திரையாகி நிற்கிறது. அக்காலத்துப் பார்சி நாடக மேடையின் சாயல் இரவிவர்மாவின் படங்களில் உண்டு என்று கலை ஆய்வாளர்கள் குறிப்பது பழைய செய்தி. மற்றப் படங்களில் அச்சாயல் பெரிய குறையாகாது. இங்கே குறையாகிறது. ஏனெனில் இக்கதையில் கடலும் ஒரு பாத்திரம்.

இதனைக் கம்பன் அறிந்திருந்தான். யுத்த காண்டத்தின் தொடக்கத்தில் அவன் கடலை ஒருமுறையன்று, இருமுறை காட்டுகிறான். முதலாவது கடல் காண் படலம். வானர சேனையோடு கரையை அடைந்த இராமன் கடலைப் பார்க்கிறான். அங்கே போரும் இல்லை, வில்லும் வளையவில்லை. ஒருவன் நிற்கிறான், கடல் கிடக்கிறது, அவ்வளவே. ஆனால் அக்கடலில் உள்ள ஒவ்வொன்றும் அவனை வருத்துகிறது. பவளத்தைக் கண்டால் ஒருத்தியின் இதழ் நினைவுக்கு வருகிறது. அலையிலிருந்து தென்றல் வாரி எறியும் சிறு திவலை தோளில் படும்போது, கொல்லன் ஊதும் உலையிலிருந்து தெறித்த பொறிபோல் சுடுகிறது. நீர்த்துளி சுடுகிறது என்பதை ஆழ்ந்து நோக்க வேண்டும். தண்ணென்ற பொருளைத் தீயாக்கியது பார்ப்பவனின் நெஞ்சு. அந்நெஞ்சைப் பற்றி விரித்துரைக்கப் புலவன் முற்படவில்லை. திவலையைப் பற்றிச் சொன்னான், நெஞ்சு தானே விளங்கிற்று.

இரண்டாவது, வருணனிடம் வழி வேண்டும் படலம். ஏழு நாள் இராமன் தருப்பைமேல் கிடந்து வருணனை வேண்டுகிறான். வருணன் வரவில்லை. பின்னரே சினம் பிறக்கிறது, அம்புகள் பாய்கின்றன, கடல் கொதிக்கிறது, மீனும் மகரமும் வெந்து மிதக்கின்றன, இறுதியில் அயன்படையைத் தொடுக்கிறான். அப்போது வருணன் வருகிறான். எப்படி வருகிறான்? கடற்கரசன் தன் கடலிலேயே, எரியும் சுடருக்கும் திரண்ட புகைக்கும் நடுவே, வழி தெரியாத கண்ணோடு, அழுதுகொண்டு, தொழுத கையோடு வருகிறான். தன் வீட்டுக்குள்ளேயே தடுமாறும் ஒருவன்! பின்னர் அவன் கூறும் காரணமும் வேடிக்கையானது: ஏழாங் கடலில் மீன்களுக்குள் மூண்ட பூசலைத் தீர்க்கப் போயிருந்தேன், அதனால் தங்கள் வேண்டுதலை அறியவில்லை என்கிறான். அலுவலகங்களின் படிக்கட்டில் காத்துக் கிடந்து பழகியவர்களுக்கு இந்த மறுமொழி புதிதாக இராது.

முதற்கடல் இல்லாமல் இரண்டாம் கடல் இல்லை. சுடுதிவலையை முன்னரே உணர்ந்தவர்க்குத்தான் கொதிகடலின் பொருள் புரியும். துயரம் முற்றித்தான் சினமாயிற்று. இரவிவர்மா இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஓவியம் ஒரு கணத்தையே காட்டவல்லது, காப்பியம்போல் முன்னும் பின்னும் செல்ல இயலாது என்று அவர் சார்பாக வாதிடலாம். வாதம் நியாயமே. ஆனால் ஒரு கணத்துக்குள் முன்னைய கணங்களைத் தேக்கி வைப்பதற்குத்தான் நிறமும் ஒளியும் இருக்கின்றன. அவ்வேலையை அவர் முகத்திடம் ஒப்படைத்தார். முகம் அதைச் சுமக்க இயலாமல் மிகையாகிவிட்டது.

தமிழ்ப் பொருளிலக்கணம் பயின்றவர்க்கு இக்குறையின் பெயர் உடனே தோன்றும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. பறவையும் மரமும் தொழிலும் கருப்பொருள். இவற்றின் மேலே நிற்பது உரிப்பொருள், அதாவது மன உணர்வு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மேனாட்டார் பிற்காலத்தில் வந்தடைந்த ‘மனநிலைக் கடற்காட்சி’ என்னும் கருத்து, நம் இலக்கணத்தில் மிகப் பழங்காலத்திலேயே வகுக்கப்பட்டுக் கிடக்கிறது. கடல் என்றாலே இரக்கம். அதற்குரிய சிறுபொழுதையும் எற்பாடு என்று சொல்லி வைத்தனர். அது மாலைச் சாய்வா, காலை எழுச்சியா என்பதில் உரையாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. எதுவாயினும் கதிர் தாழ்ந்து ஒளி சாய்ந்து விழும் நேரம் அது, ஓவியன் தேடும் நேரமும் அதுவே. நிலம், பொழுது, உணர்வு என்ற மூன்றும் பிரிக்க முடியாதவாறு பிணையவேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. மைசூர்ப் படத்தில் நிலம் ஒருபக்கமும் உணர்வு ஒருபக்கமும் நிற்கின்றன. ஐரோப்பியத் தூரிகையைக் கற்ற அம்மேதை, திணைநெறியை அத்தூரிகையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்று அதனைச் சொல்லிக் கொடுப்பார் யாரிருந்தார்? சங்க நூல்களே ஒவ்வொன்றாக அச்சேறிக் கொண்டிருந்த காலம் அது.

ஒரு செய்தியை இங்குச் சேர்க்க வேண்டும். இரவிவர்மாவின் தம்பி இராசராசவர்மாவும் ஓவியர். இயற்கைக் காட்சிகளில் தேர்ந்தவர். தமையனுக்குப் பல படங்களில் உடனிருந்து உதவியவர். மைசூர் மன்னருக்காக இதிகாசப் படங்கள் உருவாகிவந்த காலத்தில், 1905இன் தொடக்கத்தில், அவர் இறந்தார். 1906 அக்டோபரில் இரவிவர்மாவும் மறைந்தார். ஆகவே இக்கடலின் இருளில் தம்பியை இழந்த அண்ணனின் துயரம் படிந்துள்ளது என்று கூற எவருக்கும் ஆசை எழும். இலக்குவனை எண்ணி ஒப்புமையும் கூறலாம். அத்தகைய ஊகம் கட்டுரைக்கு அழகு சேர்க்குமேயன்றிப் படத்துக்கு எதையும் சேர்க்காது. இயற்கைக் காட்சியில் வல்ல கை பக்கத்தில் இல்லாமற்போனது கடலின் வெறுமைக்குக் காரணமாயிருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வது நன்று.

கடலிடமே உணர்வை ஒப்படைத்தவர்கள் எப்படி வரைந்தார்கள் என்பதையும் பார்த்தால்தான் இத்தீர்ப்பு நடுநிலையாகும். கிரீமியாவின் பியோதோசியா துறைமுகத்தில் 1817இல் பிறந்த ஐவசோவ்ஸ்கி ஏறத்தாழ ஆறாயிரம் படங்களைத் தீட்டியவர். அவற்றுள் பெரும்பாலானவை கடல். பெரும்பாலும் கடற்கரையில் கித்தானை நிறுத்தி அவர் வரைந்ததில்லை. அலையின் அசைவும் மின்னலும் தூரிகைக்கு அகப்படாதவை. கண்டதை நெஞ்சில் இருத்திக்கொண்டு, அறைக்குள் வந்து, நினைவிலிருந்தே எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. 1850இல் அவர் தீட்டிய ‘ஒன்பதாம் அலை’யில் உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு சிலர் மிதக்கின்றனர். மனிதர்கள் மிகச் சிறியவர்கள். முகங்கூடத் தெளிவாக இல்லை. விடியலின் பொன்னொளி அலைக்குள் ஊடுருவிப் பச்சையாக எரிகிறது. பிழைப்பார்களா மாட்டார்களா என்னும் கேள்வி முழுவதும் அந்த ஒளியில் இருக்கிறது. ஆறாயிரத்தில் பல, பழகிய கையின் வேலையே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஐவசோவ்ஸ்கிக்கு நேர்மாறானவர் அமெரிக்காவின் ரைடர். திமிங்கிலம் வேட்டையாடும் கப்பல்கள் நிறைந்த நியூ பெட்போர்டு ஊரில் 1847இல், அதாவது இரவிவர்மாவுக்கு ஓராண்டு முன்னர் பிறந்தவர். நிலவு, முகில், ஒரு சிறு படகு. இவற்றை வைத்துக்கொண்டு கைப்பலகை அளவுள்ள படங்களில் பேரிருளைக் காட்டினார். ஆனால் ஒரே படத்தை ஆண்டுக்கணக்கில் திருத்துவார். அடிப்பூச்சு காயுமுன் மேற்பூச்சு ஏற்றுவார். மெழுகும் தாரும் கலப்பார். எண்ணெய் குறைந்த பூச்சு கீழும் மிகுந்த பூச்சு மேலும் இருக்க வேண்டும் என்பது தைல வண்ணத்தின் முதல் விதி. அதை மீறியதால் அவர் படங்கள் கறுத்து வெடித்துப் போயின. உணர்ச்சி எவ்வளவு உயர்ந்ததாயினும் எண்ணெய் தன் விதியை விட்டுக்கொடுப்பதில்லை. இரவிவர்மாவிடம் அக்குறை இல்லை. அவர் தொழில் தெரிந்தவர்.

இவர்கள் எல்லாரினும் இங்கு நமக்கு வேண்டியவர் ஆங்கில ஓவியர் டர்னர். 1842இல் அவர் காட்சிக்கு வைத்த பனிப்புயற் படத்தில் நீராவிக் கப்பல் ஒன்று துறைமுக வாயிலில் சுழலுக்குள் அகப்பட்டு நிற்கும். எது நீர், எது புகை, எது பனி என்று சொல்ல இயலாது. சோப்பு நுரையும் சுண்ணாம்புமாக இருக்கிறதென்று எள்ளினர். கம்பனின் வருணன் வழி தெரியாமல் வந்த அந்தப் புகைக்கடலை ஓர் ஓவியன் எழுதியிருந்தால் இவ்வாறுதான் எழுதியிருப்பான் என்று தோன்றுகிறது. ஆனால் அதனினும் முக்கியமானது 1840ஆம் ஆண்டுப் படம். அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல் ஒன்று, புயல் வருகிறது, நோயுற்றவர்களையும் இறப்பவர்களையும் கடலில் எறிகிறார்கள். 1781இல் சோங் என்னும் கப்பலில், காப்புறுதிப் பணத்தைப் பெறும் பொருட்டு 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் தள்ளிய கொடுமை அதற்குப் பின்னணி. படத்தில் அந்திவானம் குருதிபோல் சிவந்திருக்கிறது. கப்பல் தொலைவில். முன்னே அலையில் விலங்கு பூட்டிய கால் ஒன்று மேலெழுந்து தெரிகிறது, கைகள் தெரிகின்றன. முகம் ஒன்றேனும் இல்லை. கடலே அத்தனை பேருக்கும் முகமாகிவிட்டது.

அப்படத்தை ஒருகாலத்தில் தம்முடையதாகக் கொண்டிருந்த திறனாய்வாளர் ரஸ்கின், அதன் அலைகளையும் ஒளியையும் பற்றிப் பக்கம் நிறைய வியந்து எழுதினார். அடிமைகளைப் பற்றிய செய்தியையோ அடிக்குறிப்பில் வைத்தார். கலைத் திறனாய்வு செய்யப் புகுவோர் இதனை மறவாதிருப்பது நல்லது. நிறத்தைப் பார்ப்பவன் மனிதனை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவது எளிதாக நிகழ்கிறது.

இங்கிருந்து கெடா மாநிலத்துக்குத் திரும்புவோம். வங்கக் கடல் கடந்து வந்த தமிழர் அடிமைகளாக விற்கப்பட்டவர் அல்லர். ஒப்பந்தமும் கங்காணியும் அவர்களைக் கொண்டுவந்தன. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது வரலாற்றுப் பிழை. ஆனாலும் கடலில் எழுதப்பட்ட துயரம் அவர்களுக்கும் உண்டு. மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது; கங்காணி வழி வரவு அதற்குப் பின்னும் தொடர்ந்தது. கப்பலின் மேல்தளத்தில், கூரையில்லா வெளியில், மூட்டையும் குழந்தையுமாய்ப் படுத்து வந்தவர்கள். பினாங்கை அடைந்தபின் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம். 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் முதியவர் சிலர் பேச்சை நிறுத்திவிட்டுச் சற்று அமைதியாகிறார்கள்.

அந்த அமைதிக்கு இலக்கியத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதினார்; தமிழில் எழுதியோர் பலர். ஓவியத்தில் என்ன கிடைத்தது? பினாங்கின் முன்னோடி ஓவியர்களான யோங் முன் செனும் அப்துல்லா அரிப்பும் நீர்வண்ணத்தில் சிறந்தவர்கள். அவர்கள் காட்டிய கடற்கரை ஒளி மிகுந்தது, படகும் தென்னையும் மீனவர் குடிலும் நிறைந்தது. அது அவர்களுடைய கடல், கரையில் வாழ்ந்தவர் கண்ட கடல். கடந்து வந்தவர் கண்ட கடல் வேறு. தமிழ்நாட்டு அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற சையது தாஜுதீன், 1972இல் அனுமன் சீதையைக் காணும் காட்சியைத் தைல வண்ணத்தில் பேரளவில் தீட்டினார். அழகன்குளம் இராமன் கடலை நோக்கி நின்றதாக மரபு கூறும் அதே கடற்கரைப் பகுதியில் உள்ளது. அங்கே பிறந்து கடல் கடந்தவர் அவர். அவர் தேர்ந்தெடுத்தது கடலைத் தாண்டி முடித்த பின் நிகழும் சந்திப்பை. ஓவியரின் தேர்வில் குறுக்கிடும் உரிமை எவருக்கும் இல்லை. சீதையின் தனிமையை அவர் காட்டியதும் சிறிய பேறன்று. எனினும் கடல் இன்னும் எஞ்சியே நிற்கிறது.

அது எஞ்சி நிற்பதற்குப் பள்ளிக்கூடத்தையும் ஓரளவு பொறுப்பாக்க வேண்டும். கடல் வரை என்று சொன்னால் நம் மாணவர்கள் வரைவது யாவரும் அறிந்ததே: இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே நீல நிறத்தில் வளைகோடுகள், ஒரு பாய்மரப் படகு, வானில் பறவையாகப் பறக்கும் சில வளைவுகள். பாடாங் செராயிலிருந்து கடல் தொலைவில் இல்லை; பட்டர்வொர்த்துக்குப் போனால் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு வந்த பிள்ளையும் அதே இரண்டு மலைகளைத்தான் வரைகிறது. கண் பார்த்ததைக் கை நம்புவதில்லை, ஏற்கெனவே வரைந்து பழகியதையே நம்புகிறது. ஓவியம் கற்பிப்போர் பலரும் நீலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி விடுகிறார்கள். கடல் நீலமில்லாத நேரங்களே மிகுதி என்பதை எந்தப் பிள்ளைக்காவது சொன்னதுண்டா? பருவக்காற்று மாறும் மாதங்களில் அது ஈயத்தின் நிறம். மழைக்கு முன் கரும்பச்சை. கழிமுகங்களில் சேற்றின் பழுப்பு. வீட்டிலுள்ள பாட்டியிடம், வந்தபோது கடல் என்ன நிறமாக இருந்தது என்று கேட்டு வரச் சொன்னால் அதுவே ஓவியப் பாடத்தின் தொடக்கமாகும். ஆனால் கடந்து வந்த தலைமுறையில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். கேட்பதற்கு நாள்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

கடாரம் என்று தமிழர் பழங்காலத்தில் அழைத்த நிலம் இது. 1025இல் இராசேந்திரனின் கலங்கள் இக்கடலில் வந்ததை வீரமாகப் பேசுகிறோம், மேடைதோறும் பேசுகிறோம். பின்னர் மூட்டையோடு வந்தவர்களின் கடலைப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. இரவிவர்மாவின் இராமன் பாறைமேல் நிமிர்ந்து நிற்பது நமக்குப் பிடித்திருப்பதற்கும் இதுவே காரணமாகலாம். கடலை அடக்கியவன் படம் அரண்மனைச் சுவருக்கு ஏற்றது. கடலுக்கு அடங்கி வந்தவர் வாழ்ந்த லயத்துச் சுவருக்கு வேறொரு படம் வேண்டும். அதற்கு மாதிரி கம்பனின் முதற்கடலில் இருக்கிறது, சுடுகின்ற அந்தத் திவலையில்.

அத்தகைய படத்தை ஒருவர் தீட்டப் புகுந்தால், எங்கே நின்று பார்ப்பது என்பதே அவருக்கு முதற்சிக்கலாகும். கரையில் நின்றால் வழியனுப்பியவர்களின் கண்; வானிலிருந்து பார்த்தால் எவருடைய கண்ணும் அன்று. மேல்தளத்துப் பலகையில் படுத்திருந்தவரின் கண்ணுயரத்தில் நின்றால், கப்பல் பினாங்கை நெருங்கும் விடியற்காலையில், கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே இடப்பக்கம் தொலைவில், 1217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை முகிலோ நிலமோ என்று தெளியாத சாம்பல் நிறத்தில் எழுந்து வரும். பண்டைக் கடலோடிகளுக்கு வழி காட்டிய மலை அது. அதற்கும் கப்பலுக்கும் இடையே கிடக்கும் நீரின் நிறத்தைப் பிடிக்க எத்தனை பூச்சுகள் வேண்டியிருக்கும் என்பதை, நம் காற்றின் ஈரத்தில் ஒவ்வொரு பூச்சும் காயும்வரை பொறுத்திருக்கப் போகும் அந்த ஓவியர்தாம் சொல்ல வேண்டும்.